விசிறி நின்றதைச் சொல்லாத ஃபயர்வால்

அலுவலக நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியோடு 14 மாதங்களாகக் குடித்தனம் நடத்துகிறேன். வேகத்திலும், வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர உதவும் விபிஎன்னிலும் எனக்குக் குறையில்லை. வாங்கும்போது யாரும் திறந்து பார்க்காத இரண்டு பக்கங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்: கடவுச்சொல், பெட்டியின் நலம் குறித்த எச்சரிக்கைகள்.

முதல்முறை நுழையும்போதே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது. மாற்றாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது இந்த மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்துத்தான். ஆகவே அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. 90 நாளுக்கு ஒருமுறை மாற்றும் கட்டாயத்தை மட்டும் அணைத்துவிட்டேன். அது இருந்தால் எல்லோரும் பழைய சொல்லின் வாலில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கன்சோலில் புதிய கடவுச்சொல் வைக்கும்போது கேள்விக்குறியைத் தட்டினால் அது சொல்லில் சேர்வதில்லை; உதவிப் பட்டியல் விரிந்து திரையை அடைத்துக்கொள்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். சிபியு 80 சதவீதத்தைத் தொட்ட நொடியில் மின்னஞ்சல் அனுப்பும்படி அமைத்துத் தந்திருக்கிறார்கள். இரவில் பாதுகாப்புத் தரவுகளைப் புதுப்பிக்கும்போது சிபியு ஏறத்தானே செய்யும்? ஒரே இரவில் 11 மடல்கள். புலி வருகிறது கதைதான். இரண்டாவது வாரத்தில் நான் படிப்பதையே நிறுத்தியிருந்தேன். ஐந்து நிமிடம் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மட்டும் சொல், 65க்குக் கீழே இறங்கிய பிறகே அடங்கு என்று மாற்றியதும் அமைதி வந்தது. அந்த வசதி மூன்று பட்டியல்களுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

அமைதி கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. கேபிள் ஒன்றை எடுக்கச் சர்வர் அறைக்குள் போனேன். பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு. உள்ளே மிஞ்சிய ஒற்றை விசிறி விசிலடித்துக்கொண்டிருந்தது. பதிவேட்டைப் பார்த்தால், மற்றொரு விசிறி நின்று 19 நாட்கள் ஆகியிருந்தன. மடல் ஏன் வரவில்லை? எச்சரிக்கை அனுப்பும் அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை அதற்கு முன்பே அஞ்சல் சர்வரில் மாற்றியிருந்தோம். பெட்டி பழையதையே காட்டி, ‘கடவுச்சொல் செல்லாது’ என்று பொருள்படும் 535 என்ற மறுப்பை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லவும் அது கையில் எடுத்தது அதே மின்னஞ்சலைத்தான்!

நம் கடவுச்சொல்லின் நீளத்தை அளந்து பார்க்கும் பெட்டி, தன் கையில் இருக்கும் கடவுச்சொல் செத்துவிட்டதை முகப்புத் திரையில் சொல்வதில்லை. கடைசியாக எப்போது மாற்றியது என்ற தேதியும் கிடையாது. வெறும் எட்டு நட்சத்திரக் குறிகள். இன்னொன்றும் உண்டு. நிர்வாகியின் கடவுச்சொல்லை ஹாஷாக, அதாவது மூலச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத உருவில், வைத்தால் போதும்; அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை அப்படி வைக்க முடியாது, சர்வரிடம் அதையே நீட்ட வேண்டும் அல்லவா? எனவே அந்தச் சொல்லையும் சுமக்கும் பேக்கப் கோப்பை மறையாக்கம் செய்வது அவசியம். இங்கே அது விருப்பத் தேர்வு, அதுவும் அணைத்த நிலையில்.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, ‘சோதனை மடல் பொத்தான் இருக்கிறதே’ என்றார்கள். இருக்கிறது. இப்போது நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறையின் மூன்றாம் பதிப்பில் இரண்டாவது வழி ஒன்றைத் திறந்திருக்கிறேன். அதில் பெட்டி தானாக அனுப்பும் ட்ராப் என்ற எச்சரிக்கை, போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத யுடிபி முறையில் போவதால் வழியில் தொலைந்தாலும் தெரியாது. அதனால் கண்காணிப்புச் சர்வரே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியிடம் போய் விசிறி, வெப்பம், வட்டு எல்லாவற்றையும் கேட்டு வருகிறது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். புதிய விசிறி நான்கே நாளில் வந்து சேர்ந்ததால் மூன்று; இல்லாவிட்டால் இரண்டுதான். திங்கள்தோறும் காலையில் அந்தச் சோதனைப் பொத்தானை நானும் அழுத்துகிறேன்.