செப்சிஸை முன்கூட்டிக் கண்டறிய எது உதவும்: மென்பொருளா, மதிப்பெண் தாளா, லாக்டேட் மீட்டரா?

மண்டபம், பாம்பன் பகுதிகளில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறை இடுக்குகளில் கைவிடுகிறார்கள். அப்படியும் கீறல் தப்புவதில்லை. வலை இழுப்பவர்களுக்குத் திருக்கை முள் குத்துவதும் புதிதல்ல. பெரும்பாலான காயங்கள் தானாக ஆறிவிடும். ஆனால் சர்க்கரை நோயோ கல்லீரல் பாதிப்போ உள்ளவருக்கு, கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்நிஃபிகஸ் போன்ற கிருமி அதே கீறல் வழியாகப் புகுந்துவிட்டால், ஓரிரு நாட்களுக்குள் ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் வரை போய்விடக்கூடும். ராமேஸ்வரத்திலிருந்து பெரிய மருத்துவமனை உள்ள ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரையோ அதைப்போல மூன்று மடங்கு. எனவே இந்தக் கரையோரத்துக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயாளி முதலில் வந்து படுக்கும் இடத்தில் எது வேலை செய்யும் என்பதே முதல் கேள்வி.

இப்போது அதிகம் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அதன் பலன் ஒரே சீராக இல்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் பயன்படுத்திய எபிக் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் முன்கணிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரை அது தவறவிட்டிருந்தது. மாறாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உருவாக்கிய ட்ரூஸ் என்ற அமைப்பை 5 மருத்துவமனைகளில் பயன்படுத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், எச்சரிக்கையை 3 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடையே இறப்பு ஒப்பீட்டளவில் 18.7 சதவீதம் குறைந்திருந்தது. எச்சரிக்கையைப் பார்க்க ஆள் இருந்ததும், நோயாளியின் விவரமெல்லாம் உடனுக்குடன் கணினியில் ஏறியதும் அந்தப் பலனுக்கு அடிப்படை. கேஸ் ஷீட்டைக் கையால் எழுதும் வார்டில் அந்த மென்பொருளுக்கு இரை ஏது?

அடுத்தது, பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 மதிப்பெண் தாள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, காய்ச்சல் ஆகிய ஏழையும் பார்த்துக் கூட்ட வேண்டும். முள் குத்திய காலுடன் வந்தவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 25, நாடி 112, காய்ச்சல் 101 டிகிரி, மற்றவை இயல்பு என்று வைத்துக்கொள்வோம்: 3, 2, 1 என மொத்தம் 6. ரத்த அழுத்தம் இன்னும் சரியவில்லை. ஆனாலும் மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் இருப்பதால் மருத்துவரை உடனே அழைத்தாக வேண்டும். ஒரு முழு நிமிடம் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் 20 என்று எழுதிவிட்டால் தாளும் ஏமாற்றும், நாளை வரும் மென்பொருளும் ஏமாற்றும். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்தத் தாள் பொருந்தாது.

உடல் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள் லாக்டேட். அதை அளக்கும் கையடக்க மீட்டர் சில நிமிடங்களில் விடை தரும். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். ஆனால் வலிப்பு, கல்லீரல் நோய் போன்றவற்றிலும் அது ஏறும் என்பதால், தனியாக நின்று முடிவு சொல்லாது.

என் தேர்வு தெளிவானது: ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் மதிப்பெண் தாள், 5 அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு லாக்டேட், மென்பொருளை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடத்தில், அதுவும் பதிவுகள் முழுமையாகக் கணினிக்கு மாறிய பிறகு யோசிக்கலாம். 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பரிந்துரைச் சீட்டில் மதிப்பெண்ணையும் அதைப் பார்த்த நேரத்தையும், ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தையும் எழுதி அனுப்பினால், அங்கே இருப்பவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.