மின்சார கார்: அலுவலக லீஸா, வங்கிக் கடனா, பேட்டரி வாடகையா?

ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர் மின்சார கார் வாங்க நினைத்தால் இன்று மூன்று வழி இருக்கிறது. வங்கிக் கடன் எல்லாருக்கும் தெரிந்தது. பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுப்பது அண்மையில் வந்தது. மூன்றாவதில், கம்பெனியே காரை லீஸுக்கு எடுத்துக் கொடுத்து, அந்த வாடகையை வரி போடும் முன்பே சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். எது மலிவு என்பதைக் காரின் விலை தீர்மானிப்பதில்லை. உங்கள் வருமானவரி ஸ்லாப்தான், அதாவது நீங்கள் எத்தனை சதவீத வரியில் வருகிறீர்கள் என்பதுதான், தீர்மானிக்கிறது. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆன்ரோடு விலை 15 லட்சம். கையிலிருந்து 3 லட்சம் கட்டி, மீதி 12 லட்சத்தை 9% வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் இஎம்ஐ ஏறக்குறைய 24,900 ரூபாய். அத்தனையும் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணம். இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் சர்வீஸும் தனி.

அதே கார் லீஸில், இன்சூரன்ஸும் சர்வீஸும் சேர்த்து மாதம் 32,000 என்று வைப்போம். முன்பணம் இல்லை. 30% ஸ்லாபில் இருப்பவருக்கு, வரியின் மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்து, அந்த வாடகையில் 31.2% வரியாக மிச்சமாகும்; அதாவது 9,984 ரூபாய். கார் வசதிக்காக ஒரு சிறு தொகையை வரிக்குரிய வருமானத்தில் கூட்டுவார்கள். அலுவலகத்துக்கும் சொந்தத்துக்கும் ஓடும் காருக்குப் பழைய விதிப்படி அது மாதம் 1,800 ரூபாய். அதற்கான வரி போக, கையிலிருந்து உண்மையில் குறைவது சுமார் 22,600. 20% ஸ்லாபில் அதுவே 25,700 ஆகிவிடும். 2026 ஏப்ரலில் புதிய வருமானவரிச் சட்டம் வந்துவிட்டதால் அந்த 1,800 இப்போது எவ்வளவு என்று சம்பளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆயிரம் கூடினாலும் 30% ஆளுக்கு லாபம் குறையுமே தவிர மறையாது. 20% ஆளுக்கு லாபம் ஏற்கெனவே மெலிந்தது. லீஸ் முடிவில் காரை எடுத்துக்கொள்ளக் கட்டவேண்டிய ரெசிடுவல் வேல்யூ இரண்டு பேருக்கும் பாக்கி நிற்கும்.

புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே இல்லை. வரியே இல்லாதவர் வரிக்கு முன் கழித்து என்ன பயன்? அவருக்கு லீஸ் என்பது விலை கூடிய வாடகை, அவ்வளவுதான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மாதச் செலவைக் குறைக்க மின்சார கார் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. அவருக்குக் கைகொடுப்பவை வேறு: மின்சார காருக்கு 5% ஜிஎஸ்டி, தமிழ்நாடு கொடுத்துவரும் சாலை வரி விலக்கு. 10 முதல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு இங்கே சாலை வரி 18%. 15 லட்சம் காருக்கு அதுவே 2.7 லட்சம்! பதிவு செய்யும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மின்சார கார் கடன் வட்டிக்குப் பழைய வருமானவரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் இருந்த 1.5 லட்சம் கழிவை நம்ப வேண்டாம். அது 2023 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்கு மட்டுமே.

பிரிட்டனில் இந்தக் கம்பெனி லீஸ் திட்டம் மின்சார காருக்கென்றே சாதகமாக அமைந்திருக்கிறது. அங்கே 2025–26-இல் காரின் பட்டியல் விலையில் 3% மட்டுமே வரிக்குரிய வருமானமாகக் கணக்கிடப்பட்டது. நம் ஊர்ப் பழைய விதியோ என்ஜின் அளவை வைத்து எழுதப்பட்டது. பெட்ரோல் காரை லீஸுக்கு எடுப்பவருக்கும் அதே வசதி, கூடவே பெட்ரோல் பில்லையும் கம்பெனிக் கணக்கில் சேர்க்கலாம். வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்பவருக்கு அப்படிக் காட்டத் தனி பில்கூட இருக்காது.

பேட்டரி வாடகைக்கு வருவோம். எம்ஜி விண்ட்சர் 2024-இல் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும். வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். மாதம் 1,000 கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு அந்தத் தூரம் வர எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அவருக்கு இது நல்ல ஏற்பாடு. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் போய்வந்து, வார இறுதியில் ஊருக்கும் ஓட்டுபவர் பேட்டரியோடு வாங்குவதே மேல். ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

என் தேர்வு: 30% ஸ்லாப், மூன்று நான்கு வருஷம் அதே கம்பெனியில் இருப்போம் என்ற நம்பிக்கை, இரண்டும் இருந்தால் லீஸ். நம்பிக்கை இல்லையென்றால் கடன். வேலை மாறினாலோ போனாலோ காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மிச்சத்தைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்; லீஸை இப்படி இடையில் முடிக்கக் கட்டும் ஃபோர்குளோஷர் தொகை இரண்டு வருஷ வரிச் சேமிப்பை ஒரே மூச்சில் விழுங்கிவிடலாம். ஆட்குறைப்பு நடக்கும் துறையில் இது வெறும் பயமல்ல. ஒவ்வொரு வருஷ முடிவிலும் அந்தத் தொகை எவ்வளவு என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: 2023 டிசம்பர் மிக்ஜாம் போல வேளச்சேரியில் கார் மூழ்கி முழுச் சேதம் என்றானால், இன்சூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போன பிறகும் பாக்கி நின்றால் அதை யார் கட்டுவது?