விரு ஹோட்டலின் 23ஆம் மாடி

லிஃப்டில் 22 வரைக்கும்தான் பொத்தான். அதற்கு மேலும் ஒரு மாடி உண்டு என்பது தெருவில் நின்று அண்ணாந்து எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எஸ்டோனியாவின் தலைநகரான டாலினில், விரு ஹோட்டலின் அந்த 23ஆம் மாடியில் உட்கார்ந்துகொண்டுதான் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி. வெளிநாட்டு விருந்தினர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டது. இன்று அது மியூசியம். சுற்றிப் பார்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். டிக்கெட் விலை, ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆகிற காசுதான். மகள் வீட்டுக்கு ஹெல்சிங்கி வந்திருந்த சமயத்தில் கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சென்னையில் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஆகவே இந்த மதிப்பீட்டில் சரித்திர ஆசிரியரின் பார்வையை எதிர்பார்க்காதீர்கள். படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் இது.

ஹோட்டல் எதற்காக எழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. எஸ்டோனியாவை 1940இல் சோவியத் யூனியன் விழுங்கியது. 1964இல் ஃபின்லாந்து அதிபர் கெக்கொனென் டாலினுக்கு வந்து போனார். மறு வருடமே ஹெல்சிங்கிக்கும் டாலினுக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நடுவே கடல் 80 கிலோமீட்டர்தான். கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் படுக்கை வேண்டும். மாஸ்கோவுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஃபின்லாந்துக் கட்டுமானக் கம்பெனி ஒன்றே வந்து கட்டிக்கொடுத்தது. 1972இல் திறந்தார்கள். நடத்தியது இன்டூரிஸ்ட் என்ற அரசு நிறுவனம்.

வந்தவர்களில் மலிவாகக் குடிக்க வந்த ஃபின்லாந்துக்காரர்கள் உண்டு, வியாபாரிகள் உண்டு, பத்திரிகையாளர்கள் உண்டு. என் மனம் போய் நின்றது இன்னொரு கூட்டத்திடம். 1944இல் சோவியத்தின் செம்படை மறுபடியும் நெருங்கியபோது படகேறி ஸ்வீடனுக்குத் தப்பிய எஸ்டோனியர்கள், வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்து இங்கே தங்கினார்கள். சொந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்! உறவினர் வீட்டில் தங்க முடியாது. ஹோட்டலில்தான் தங்க வேண்டும். பெற்ற தாயைப் பார்க்க வந்த மனிதர், அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தம்பியிடம் இரண்டு வார்த்தை மனம்விட்டுப் பேசினால், அது மேல்மாடிக்குப் போய்விடும். நாளைக்கு அதே வார்த்தையை வைத்து அவரை மிரட்டலாம், தம்பியை மிரட்டலாம், இருவரில் ஒருவரை ஆள்காட்டியாக்கலாம்.

22ஆம் மாடியிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க. மேலே கதவில் ரஷ்ய மொழியில் ஒரு பலகை: 'இங்கே ஒன்றும் இல்லை.' ஒன்றும் இல்லாத இடத்துக்கு எவனாவது பலகை மாட்டுவானா?

உள்ளே ரேடியோ அறையை, கே.ஜி.பி. ஆட்கள் விட்டுப் போனபடியே வைத்திருக்கிறார்கள். 1991இல் எஸ்டோனியா விடுதலை அடைந்த நேரத்தில், முடிந்ததைப் பிடுங்கிக்கொண்டும் முடியாததை உடைத்துப் போட்டும் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். வெறுங்கூடாக நிற்கும் கருவிகள், அறுபட்ட ஒயர்கள், சிதறிய தாள்கள், எண் சுழற்றும் வட்டே இல்லாத ஒரு சிவப்புத் தொலைபேசி. அந்தப் பக்கத்திலிருந்து உங்களைக் கூப்பிடலாம். நீங்கள் யாரையும் கூப்பிட முடியாது. ஆஷ்ட்ரே நிறைய சிகரெட் துண்டுகள். அறை காலி செய்த விருந்தாளி விட்டுப் போன குப்பையை வைத்தே ஆளை எடைபோடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இந்த விருந்தாளிகள் ராத்தூக்கமில்லாமல் வேலை பார்த்தவர்கள், போகும்போது கதவைச் சாத்தக்கூட நேரமில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவேன்.

எல்லோரும் போட்டோ எடுப்பது மைக்ரோஃபோன் ஒளித்த ஆஷ்ட்ரேயையும், ரொட்டி வைக்கிற தட்டையும்தான். அந்தத் தட்டுக்கு அடிப்பாகம் இரண்டு, நடுவில் கருவி. கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் மைக்ரோஃபோன் தானாக நடந்து மேஜைக்குப் போகாது. இந்த மேஜைக்கு இந்தத் தட்டு என்று ஒரு சர்வர் கொண்டுபோய் வைக்க வேண்டும். சுமார் 60 அறைகளில் ஒட்டுக்கேட்கும் ஏற்பாடு இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் வேண்டிய ஆளை வேண்டிய அறைக்கு அனுப்ப ரிசப்ஷன் ஒத்துழைத்தாக வேண்டும். மாடிக்கு ஒரு பெண்மணி லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார், கூட யார், எப்போது போனார் என்று குறித்துவைத்தார். சாவியும் அவரிடம்தான். ஹோட்டல் என்கிற ஏற்பாடே, முன்பின் தெரியாதவர்களிடம் நம் சாவியையும் அழுக்குத் துணியையும் நம்பி ஒப்படைப்பதுதான். அந்த நம்பிக்கையைத்தான் உளவுக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் நான் வேலை பார்த்த காலத்தில், வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்ற படிவத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டியிருந்தது. எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார் என்பதோடு சரி; அறைக்குள் என்ன பேசினார் என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தால் நிரப்பியிருப்பேனா என்ற கேள்வி அங்கே நின்றபோது வந்தது. சம்பளம், பிள்ளைகள், வீட்டு வாடகை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தால் சுலபமாக 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு சின்னப் பர்ஸ். யாரோ விருந்தாளி மறந்துவிட்டுப் போனது போல அதை ஓரிடத்தில் போட்டுவைப்பார்களாம். கண்டெடுத்த ஊழியர் திறக்காமல் கொண்டுவந்து ஒப்படைத்தால் தப்பித்தார். ஆசைப்பட்டுத் திறந்தால் சாயம் பீய்ச்சியடிக்கும், லேசில் போகாது. எங்கள் ஹோட்டலிலும் புதிதாகச் சேர்ந்த பையன் நேர்மையானவன்தானா என்று பார்க்கத் தலையணைக்கு அடியில் நூறு ரூபாய் வைக்கிற சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அங்கே அதையே ஓர் அரசாங்கம் செய்திருக்கிறது. வெளிநாட்டுக்காரரை வேவு பார்க்க ஊழியர். ஊழியரை வேவு பார்க்கப் பர்ஸ்.

சுற்றிக்காட்டுகிற பாணி முழுக்க நகைச்சுவை. இந்தக் கட்டடம் 'மைக்ரோகான்கிரீட்டில்' கட்டியது, பாதி கான்கிரீட், பாதி மைக்ரோஃபோன் என்பது அந்தக் காலத்து உள்ளூர் ஜோக். டாய்லெட் பேப்பர் இல்லையே என்று விருந்தாளி சுவரைப் பார்த்துப் புலம்பினால் உடனே கதவு தட்டப்படும் என்பது இன்னொன்று. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த ஆட்சியில் வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பும் ஒரு தற்காப்பாக இருந்திருக்கும். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் சிரிப்பு அடங்கிய பிறகு, லிஃப்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் பேசினால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

போக நினைப்பவர்களுக்கு: தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான். ஆங்கிலம், ஃபின்னிஷ், எஸ்டோனியன், ரஷ்யன் மொழிகளில் நேரம் பிரித்து நடக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுக் கப்பல் டிக்கெட் எடுங்கள். பார்ப்பதற்கு உள்ளது கொஞ்சம், கேட்பதற்குத்தான் அதிகம். ஆகவே ஆங்கிலம் புரியாத சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும். மேலே பால்கனியிலிருந்து பழைய நகரத்தின் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் துறைமுகமும் தெரிகின்றன. காற்று ஆளைத் தள்ளுகிறது, குல்லாய் அவசியம். ஹோட்டலை இப்போது நடத்துவது ஃபின்லாந்தின் சோகோஸ் ஹோட்டல் குழுமம். சுற்றுலா முடிந்து வரும்போது ரிசப்ஷனில் பெட்டியும் கையுமாக ஒரு வரிசை நின்றது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். மாடிப் பெண்மணி எழுதிய நோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் தேடினேன், என் கண்ணில் படவில்லை. இருந்திருந்தால் அந்த ஐந்தாவதையும் கொடுத்திருப்பேன்.