காபிக் குடுவை சொல்லும் ஃபிளாஷ்பேக்: ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’

கடை சாத்தும் நேரம். இரண்டு பேர் உள்ளே வந்து காபி கேட்கிறார்கள். கடை மூடியாச்சு என்கிறார் டாம் ஸ்டால். அவர்கள் எழுந்து போகிற ஆட்களாகத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும், வம்பு வேண்டாம் என்று சூடான குடுவையை எடுத்துவருகிறார். ஒருவன் பணிப்பெண்ணைப் பிடித்துக்கொள்கிறான். இன்னொருவன் கையில் துப்பாக்கி. டாமின் கையில் இருந்த கண்ணாடிக் குடுவை அவன் முகத்தில் உடைகிறது. கவுன்டரைத் தாண்டிக் குதிக்கும்போதே அவனுடைய துப்பாக்கி டாமின் கைக்கு வந்துவிடுகிறது. கதவுப் பக்கம் நின்றவன்மேல் குண்டுகள் பாய்கின்றன. கீழே கிடந்தவன் டாமின் பாதத்தில் கத்தியைச் செருகுகிறான். அவன் உச்சந்தலையில் ஒரு குண்டு. எல்லாம் அரை நிமிடத்துக்குள்.

பின்னணி இசை ஏறவில்லை, ஸ்லோமோஷன் கிடையாது, டாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த இடத்திலும் அவர் கை தடுமாறவில்லை. காபி ஊற்றிப் பிழைக்கும் மனிதனுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? மொத்தப் படத்துக்கும் தேவையான ஃபிளாஷ்பேக் அந்தக் கையிலேயே இருக்கிறது. இதற்குமேல் அவர் கடந்தகாலத்திலிருந்து ஒரு ஷாட்கூட இந்தப் படத்தில் வராது.

2005இல் டேவிட் குரோனன்பெர்க் இயக்கிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’, சாதுவான குடும்பஸ்தனுக்குள் பழைய கொலைகாரன் ஒளிந்திருக்கும் கதைகளில் ஆகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஜான் வாக்னர் எழுதி வின்ஸ் லாக் வரைந்து 1997இல் வந்த கிராஃபிக் நாவல்தான் மூலம். திரைக்கதை ஜோஷ் ஓல்சன். கதை நடப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மில்புரூக் என்ற சிற்றூரில். படமெடுத்தது கனடாவின் ஒன்டாரியோவில், அதே பெயருள்ள இன்னொரு ஊரில். டாமாக விகோ மார்டென்சன், மனைவி ஈடியாக மரியா பெல்லோ. ஓடும் நேரம் 96 நிமிடம். இனி வரும் பத்திகளில் கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும்; முதல்முறை பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1995இல் ‘பாட்ஷா’ வந்தபோதே ஆட்டோக்காரர் மாணிக்கத்தின் பம்பாய்க் கதையை மனப்பாடம் செய்துவிட்டோம். அங்கே அடங்கிக் கிடப்பவன் எப்போது எழுவான் என்ற தவிப்புதான் படத்தின் எரிபொருள். எழுந்ததும் தியேட்டரே எழுந்து நின்றது. அதற்கு ஃபிளாஷ்பேக் அவசியம், அது விரிந்து பெரிதாக இருப்பதும் அவசியம். குரோனன்பெர்க்கின் படத்துக்கு வேலை வேறு. கணவன் யார் என்று தெரிந்துபோன வீட்டில் மறுநாள் காலை என்ன நடக்கும் என்பதில்தான் அதன் கண் இருக்கிறது. அதற்கு ஃபிளாஷ்பேக் இடைஞ்சல். பழைய கதையைக் காட்டிவிட்டால், அந்தக் கொலைகளுக்கெல்லாம் ஒரு நியாயம் கிடைத்து நம் மனம் சமாதானமாகிவிடும். காட்டாததால் ஈடிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது.

லோகேஷ் கனகராஜின் ‘லியோ’ (2023) இந்தப் படத்துக்குச் செய்யும் மரியாதை என்று தன் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. ஹிமாசலப் பிரதேசத்தில் காபி கடை நடத்தும் பார்த்திபன், கடைக்குள் நடக்கும் கொலைகள், அந்தச் செய்தியைப் பார்த்துத் தேடிவரும் பழைய ஆட்கள் எல்லாம் இங்கிருந்து போனவையே. கடைச் சண்டை வரைக்கும், அது முடிந்ததும் பார்த்திபன் உடைந்து அழுவது வரைக்கும், லியோ நன்றாகவே நிற்கிறது. சறுக்கியது இரண்டாம் பாதியின் ஃபிளாஷ்பேக்கில். அதைச் சொல்லும் ஆளையே முழுக்க நம்ப முடியாதபடி வைத்தது நல்ல யோசனைதான். ஆனால் நீளம், பாட்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்ததும் பார்த்திபன் வீட்டுக்குள் மெல்ல ஏறிக்கொண்டிருந்த பயம் இறங்கிப்போய்விட்டது. லியோ 164 நிமிடம். மூலத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலே.

குரோனன்பெர்க்கின் படத்துக்குத் திரும்புவோம். டாமைத் தேடிவரும் பழைய ரவுடி ஃபோகர்ட்டி (எட் ஹாரிஸ்) வந்ததும் அது வேறு வேகத்துக்கு மாறுகிறது. கறுப்பு சூட், கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றினால் ஒரு கண் செத்துக் கிடக்கிறது. முள்கம்பியால் அதைக் கிழித்தது நீதான் ஜோயி என்று டாமின் பழைய பெயரைச் சொல்கிறான். என் பெயர் டாம் என்கிறார் இவர். ஃபோகர்ட்டி எந்த இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. கடைவீதி வளாகத்தில் ஈடியிடம் அவன் சொல்வது இவ்வளவுதான்: ஆளைக் கொல்வதில் இவ்வளவு கைதேர்ச்சி எப்படி வந்தது என்று உன் புருஷனைக் கேள். மிரட்டலைவிடக் கொடுமையான வாக்கியம் இது. அதன்பிறகு ஈடியால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

வீட்டு வாசலில் ஃபோகர்ட்டியின் ஆட்களோடு நடக்கும் இரண்டாவது மோதலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சண்டைப் பயிற்சி எடுப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். உள்ளங்கை அடிப்பாகத்தால் மூக்கில் ஒரு இடி, அதே அசைவில் துப்பாக்கியைப் பிடுங்குவது, உடனே சுடுவது. ஆட்கள் பறப்பதில்லை. தெருச் சண்டையில் உயிர் தப்பும் முறைகளைச் சொல்லித்தரும் டிவிடிகளைப் பார்த்துத்தான் குரோனன்பெர்க் இதையெல்லாம் அமைத்தார். நம் படங்களில் அடிப்பவனுக்கும் அடிவாங்குபவனுக்கும் நடுவே கேமராவுக்கு இடம் விட்டு நிற்பார்கள். இங்கே இரண்டு உடம்புகளும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒவ்வொரு அடியும் நம்பும்படி இருக்கிறது. அடித்து முடித்த மறுகணம் கேமரா ஜெயித்தவனை விட்டுவிட்டு, கிழிந்த முகத்தின்மேல் ஓரிரு நொடி நிற்கிறது. அந்த ஓரிரு நொடியைத்தான் பெரும்பாலான ஆக்‌ஷன் படங்கள் வெட்டி எறிகின்றன. கைதட்ட எழுந்த கை அங்கேதான் தயங்குகிறது.

அதே வாசலில் மார்டென்சன் செய்வது நடிப்புப் பாடம். குண்டடிபட்டுத் தரையில் கிடக்கும்போது, பிலடெல்பியாவிலேயே உன்னைத் தீர்த்திருக்க வேண்டும் என்கிறார் ஃபோகர்ட்டியிடம். குரல் மாறிவிட்டது, உச்சரிப்பு மாறிவிட்டது, கண்ணில் இருந்த கூச்சம் போய்விட்டது. மேக்கப் இல்லை, கேமரா வித்தையும் இல்லை. ஃபோகர்ட்டியைச் சுட்டு வீழ்த்துவது மகன் ஜாக். ரத்தம் தெறித்த முகத்தோடு அப்பா நெருங்கி வரும்போது பையன் முகத்தில் நிம்மதி தெரியவில்லை.

மகனின் கதைதான் படத்தின் இரண்டாவது தூண். பள்ளியில் வம்பிழுக்கும் முரடனைத் தொடக்கத்தில் பேச்சாலேயே சமாளித்தவன், அப்பா ஊருக்கே நாயகனான பிறகு அவனை அடித்து நொறுக்குகிறான். இந்த வீட்டில் யாரும் அடித்துப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை என்று டாம் கண்டிக்க, ஆமாம், சுட்டுத்தான் தீர்க்கிறோம் என்று பையன் திருப்பிச் சொல்ல, கன்னத்தில் ஓர் அறை. சொன்ன வாக்கியம் காற்றில் இருக்கும்போதே கை எழுந்துவிட்டது. வன்முறை ரத்தத்தில் வருகிறதா, பார்த்துக் கற்றதா என்ற கேள்வியை வசனத்தில் போட்டுக் குழப்பாமல் ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளி முரடன்தான் கொஞ்சம் அச்சில் வார்த்த பாத்திரம். பல படங்களில் பார்த்த பையனே.

ஈடிக்கும் டாமுக்கும் இரண்டு படுக்கைக் காட்சிகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் பாதிதான் புரியும். முதலாவதில் விளையாட்டும் சிரிப்பும். இரண்டாவது, உண்மை தெரிந்த பிறகு, மாடிப்படியில். சண்டையாகத் தொடங்கி, வெறுப்பும் இழுப்பும் பிரிக்க முடியாமல் போகிறது. பிறகு ஈடியின் முதுகில் படி அழுத்திய காயம் தெரிகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அல்ல, பெரியவர்களுக்கு மட்டும்.

குறை என்றால், டாம் தன் அண்ணனைப் பார்க்கப் போகும் பிலடெல்பியா பகுதியைச் சொல்ல வேண்டும். அண்ணன் ரிச்சியாக வரும் வில்லியம் ஹர்ட் திரையில் இருப்பது பத்து நிமிடம் போல. அதற்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, தகும். ஆனால் அவர் கொண்டுவரும் நக்கல் அதுவரை இருந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அடியாட்களும் சுலபமாக விழுகிறார்கள். இன்னொரு பத்து நிமிடம் கொடுத்திருந்தால் அண்ணன் தம்பி உறவுக்கும் கனம் கிடைத்திருக்கும்.

பார்க்கும் விதத்தில் இரண்டு விஷயம். ஆங்கில ஒலியோடு, துணைத்தலைப்பு வைத்துப் பாருங்கள். டப்பிங்கில் டாம் ஜோயியாகும் உச்சரிப்பு மாற்றம் அழிந்துபோகும். முதல் நிமிடங்களில் ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள். பிறகு டாமின் கடைக்கு வரப்போகும் அதே இரண்டு பேர் மோட்டல் வாசலில் சோம்பலாகக் கிளம்பும் அந்த நீண்ட ஒற்றை ஷாட்டில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். உள்ளே என்ன நடந்து முடிந்திருக்கிறது என்பது ஒருவன் தண்ணீர் எடுக்கத் திரும்பப் போகும்போதுதான் தெரியும்.

முடிந்தால் இரண்டாம் முறையும் பாருங்கள். அந்த மோட்டலில் ஒரு சிறுமியை நோக்கித் துப்பாக்கி நீள்கிறது, உடனே கட், டாமின் மகள் சாரா கெட்ட கனவில் அலறி எழுகிறாள். டாம் ஓடிவந்து அணைத்துக்கொண்டு, அரக்கன் என்று எதுவுமே கிடையாது என்கிறார். முதல்முறை அது எல்லா அப்பாக்களும் சொல்லும் ஆறுதல். இரண்டாம் முறை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேசையருகே அவர் வந்து நிற்கும்போது ஒருவரும் பேசுவதில்லை. எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்து வைப்பது அதே சாரா.