செரெனிட்டி காமிக்ஸ்: படத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய கதை

தொலைக்காட்சித் தொடர்களின் பெயரில் வெளிவரும் காமிக்ஸ் புத்தகங்களில் பலவும் நடிகர்களின் முகத்தை அட்டையில் போட்டு விற்றுவிடும் அவசரத்தில் தயாரானவையாகவே இருக்கின்றன. மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில், பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடையில் எனக்குக் கிடைத்த ‘செரெனிட்டி: தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்’ அவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. ‘ஃபயர்ஃபிளை’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர் பாதியில் நின்றதற்கும், அதன் தொடர்ச்சியாக ‘செரெனிட்டி’ திரைப்படம் வந்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட கதை இது. அந்த வேலையைப் பொறுப்போடு செய்திருக்கிறார்கள்.

தொடர் 2002-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. எடுக்கப்பட்ட 14 பகுதிகளில் 11 மட்டுமே ஒளிபரப்பான நிலையில் நிறுத்திவிட்டார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்று போரிட்ட மால்கம் ரெனால்ட்ஸ் என்ற மால், ஒரு பழைய சரக்குக் கப்பலை வைத்துக்கொண்டு, தன்னையும் சேர்த்து ஒன்பது பேருடன் கிரகம் கிரகமாகச் சென்று, சட்டத்துக்கு உட்பட்டும் உட்படாமலும் கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிறார். வெளிக்கிரகங்களில் குதிரையும் கைத்துப்பாக்கியும் புழுதியும்தான் வாழ்க்கை. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்த நம் பக்கத்து வாசகர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. விண்கப்பல் கதை என்றாலே ஒதுங்கிப்போகும் கௌபாய் ரசிகர்களிடமும் இதைத் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் தொடரைப் பார்த்து முடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

அதற்குக் காரணம் டாப்சன். தொடரின் இரண்டு மணி நேர முதல் பகுதியில், சாதாரணப் பயணியைப் போலக் கப்பலில் ஏறி, ரிவர் என்ற பெண்ணைப் பிடிக்க முயலும் அரசாங்க அதிகாரி இவர். அந்தப் பெண்ணின் நெற்றியில் துப்பாக்கியை வைத்து அவர் மிரட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே வரும் மால் நடையைக்கூட நிறுத்தாமல் அவரைச் சுட்டுவிட்டுப் போவார். கதையைத் தொடங்கி வைக்க வேண்டிய அந்தப் பகுதியை ஃபாக்ஸ் 2002 டிசம்பர் 20 அன்று, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒளிபரப்பியது. எனவே, வாரந்தோறும் பார்த்துவந்த அமெரிக்க ரசிகர்கள் கடைசியாகக் கண்டது டாப்சனின் முடிவைத்தான். அவர் சாகவில்லை, இயந்திரக் கண்ணோடு பழிவாங்கத் திரும்பி வருகிறார் என்று காமிக்ஸ் சொல்லும்போது, மற்றவர்களுக்கு அவர் யாரோ ஒரு வில்லன். தொடரைப் பார்த்தவர்களுக்கோ அது தூக்கிவாரிப்போடும் இடம்.

கதை ஒரு சிற்றூரில் நடக்கும் கொள்ளையுடன் தொடங்குகிறது. போட்டிக் கும்பல் குறுக்கிடுவதால் அது சொதப்பிவிட, போர்க்காலத்தில் சிதைந்த கப்பல்களுக்கிடையே மறைந்து கிடக்கும் பணத்தை எடுத்துவரும் வேலையை மால் ஏற்கிறார். அது பொறி என்பது வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆகவே கதையின் சுவை திருப்பங்களில் இல்லை. கப்பலுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் விட்டு விலகத் தொடங்குவதில் இருக்கிறது. கப்பலில் தங்கியிருந்து, இப்போது இறங்கிப்போகத் தீர்மானித்துவிட்ட இனாரா என்ற பெண்ணை மால் தடுக்கவும் இல்லை, கொண்டுபோய் விடவும் இல்லை. ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார். போதகரான புக், தான் செய்யத் துணியும் காரியங்களைக் கண்டு தானே அஞ்சுகிறார். திரைப்படம் தொடங்கும்போது இவ்விருவரும் கப்பலில் இல்லாததற்கான காரணம் படத்தில் முறையாகச் சொல்லப்படவில்லை. இங்கே அது முழுமையாக இருக்கிறது. தொடரில் ரிவரைத் தேடி வந்து நம்மை நடுங்க வைத்த நீலக் கையுறை மனிதர்கள் படத்தில் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான் கிடைக்கிறது.

தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனும் பிரெட் மேத்யூஸும் சேர்ந்து கதையை அமைக்க, மேத்யூஸ் வசனம் எழுதியிருக்கிறார். தொடரின் ஒரு பகுதியை எழுதியவர் என்பதால், ஒவ்வொருவர் பேச்சும் அவரவர் குரலிலேயே காதில் விழுகிறது. கப்பலை ஓட்டும் வாஷின் கிண்டலை, முரட்டு அடியாளான ஜெயின் வாயில் வைத்துப் படிக்க முடியாது. பிரேசில் ஓவியரான வில் கான்ராட் முகச்சாயலை நன்றாகப் பிடித்திருக்கிறார். நிழற்படத்தைப் பார்த்து வரைந்ததுபோல் சில கட்டங்களில் முகம் விறைத்துப்போய் நிற்பது உண்மைதான். ஆயினும் உடைந்த கப்பல்கள் மிதக்கும் பக்கங்களில் அந்த விறைப்பு மறைந்து, லாரா மார்ட்டினின் வண்ணங்கள் அந்த இடத்தை ஒரு சுடுகாடாகவே உணர வைக்கின்றன.

குறை என்றால் பக்கங்களின் பற்றாக்குறைதான். ஒன்பது பேரையும் வில்லன்களையும் மூன்றே இதழ்களில் அடக்கியதால், கப்பலின் மெக்கானிக் கெய்லிக்கும் ரிவரின் அண்ணன் சைமனுக்கும் இடையிலான பிரியத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. மாலும் டாப்சனும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி, அத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகு, சட்டென்று முடிந்துவிடுகிறது. இன்னொரு இதழ் கொடுத்திருந்தால் இந்தக் குறையே இருந்திருக்காது. ஆனால் 2005 ஜூலையில் தொடங்கி, செப்டம்பர் 30 அன்று படம் வெளியாவதற்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடி இருந்திருக்கிறது.

டார்க் ஹார்ஸ் நிறுவனம் மூன்று இதழ்களையும் சேர்த்து 2006-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. மாலாக நடித்த நேத்தன் ஃபில்லியன் அதற்கு முன்னுரை எழுதியிருக்கிறார். வாங்குபவர்கள் அந்தத் தொகுப்பையே கேட்டு வாங்குவது நல்லது. பழைய புத்தகக் கடைகளில் தனி இதழ்கள் கிடைத்தால் கவனம் தேவை: ஒவ்வொரு இதழும் மூன்று விதமான அட்டைகளோடு, அட்டைக்கு ஒருவராக ஒன்பது பேரின் படங்களையும் தாங்கி வந்ததால், வெவ்வேறு அட்டைகளைப் பார்த்து ஒரே இதழை இரண்டு முறை வாங்கிவிட வாய்ப்புண்டு. அட்டைப்படத்தை நம்பாமல் இதழ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.