மழைக்குப் பின் நாய் நடை: மணல் படுகையா, கரைப் பாதையா?

அரிசோனாவின் டூசானில் 'வாஷ்' என்றால் காட்டாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான், மழை கொட்டினால் மட்டும் ஆறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரையிலான பருவமழைக் காலத்தில், நாயை நடத்திப் போகும் எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மழை விட்டதும் படுகையில் இறங்குவதா, கரைமேல் போவதா?

நாயைக் கேட்டால் படுகைதான். தண்ணீர் அரித்துப் புதிதாக விரித்த மணலில் கயோட்டி (ஓநாய் இன விலங்கு), ஹாவலீனா (பன்றி போன்ற காட்டு விலங்கு) தடங்கள் அச்சடித்ததுபோல் பதிந்திருக்கும். என் இரண்டு நாய்களில் மூத்தவள் ஒரே தடத்தை ஐந்து நிமிஷம் முகர்வாள். வயதான மூட்டுகளுக்கு ஈரமணல் இதம். கரையில் போட்டிருக்கும் தார்ப்பாதையோ வெயில் ஏறினால் பாதத்தைச் சுட்டுவிடும். 130 மைலுக்கு மேல் நீளும் 'தி லூப்' என்ற அந்தக் கரைப்பாதையில் சைக்கிள்களுக்கும் ஒதுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனாலும் மழைக்கு அடுத்த இரண்டு நாள் என் ஓட்டு கரைக்குத்தான். இங்கே தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும், ஏனென்றால் மழை பெய்வது தொலைவில், கேட்டலீனா மலையில். வேகமாக ஓடும் தண்ணீர் ஆறே அங்குலம் இருந்தாலும் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும்; நாய்க்கு அதுவும் வேண்டாம். 1983 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு ரில்லிட்டோ போன்ற ஆறுகளின் கரையைச் சிமென்ட் கலந்த மண்ணால் பலப்படுத்தினார்கள். கரை அரிப்பு நின்றது, நல்லதுதான். ஆனால் அப்படி உயரமும் சரிவுமாக நிற்கும் கரையில் பயந்த நாயைத் தூக்கிக்கொண்டு அவசரமாக ஏறுவது லேசில்லை. ஏற வழி எங்கே என்று பார்க்காமல் நான் இறங்குவதில்லை.

அடுத்தது குட்டைகள். தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், அதனால் குடிக்க விடவே மாட்டேன். வேறொரு காரணமும் உண்டு. கௌச் மண்வெட்டித் தேரையின் தலைப்பிரட்டைகள் எட்டே நாளில்கூடத் தேரையாகிவிடும். குட்டை வற்றுவதற்குள் ஓடிமுடிக்க வேண்டிய ஓட்டம் அது. அதை நாய் கலக்குவது எனக்குப் பொறுக்காது.

உண்மையில் பயப்பட வேண்டியது சொனோரன் பாலைத் தேரை. உள்ளங்கையை நிறைக்கும் உருவம், கண்ணுக்குப் பின்னால் நஞ்சுச் சுரப்பி. நாய் கவ்வினால் எச்சில் வழியும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயின் பக்கவாட்டிலிருந்து வெளியே வழியும்படி கழுவி, ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த விஷயத்தில் படுகையா கரையா என்ற வித்தியாசமே இல்லை, இரண்டு இடத்திலும் திரியும். பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும் என்பதால் மழைக்காலத்தில் எங்கள் நடை விடிந்த பிறகுதான். பாம்புக்கும் அதே கதை: வார் குட்டையாக இருக்கட்டும்.

மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சலைச் சொல்லிப் படுகையை ஒதுக்குவோரும் உண்டு. அந்தப் பூஞ்சை ஈரமண்ணில் வளர்ந்தாலும், மண் காய்ந்து தூசி கிளம்பும்போதுதான் அதன் வித்துகள் மூச்சில் ஏறுகின்றன. ஆகவே ஈரமணலில் நடப்பதைவிட, காய்ந்த பிறகு எலி வளைகளைத் தோண்டுவதே மோசம். என் இளையவன் தோண்டுகிற ஜாதி. வாரக்கணக்கில் இருமினாலோ, காரணமில்லாமல் நொண்டினாலோ மருத்துவரிடம் இந்தக் காய்ச்சலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அதனால் என் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாம் நாள் காலை, மலைமேல் மேகம் இல்லையென்றால், மூத்தவளுக்குப் படுகை. இளையவனுக்கு அன்றும் கரைதான்.