டிரைவர் இல்லாத பிரிண்டரும் டெபியன் விக்கியும்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் மதிப்புரை

"டிரைவர் இல்லாமலா ஓடுகிறது?" என்று கேட்டார், ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து மாதக் கணக்கை அச்செடுக்க வந்திருந்த மேலாளர். இருபது கொண்டை ஊசி வளைவுகளை அப்போதுதான் இறங்கி வந்தவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? நான் பிரிண்டரைக் காட்டி, அதைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்றேன். "ஓ, இதுவா" என்று உட்கார்ந்துவிட்டார்.

கடை சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. இரண்டு கணினி, இரண்டு லேசர் பிரிண்டர், ஒரு நகல் இயந்திரம். கணினிகளில் முன்பு இருந்த இயங்குதளத்தைப் புதுப்பித்த அன்றே பழைய பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. அதோடு வந்த குறுந்தகடு இனி செல்லாது, தயாரிப்பாளரிடம் புது டிரைவரும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் இரண்டு கணினிகளையும் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினேன். கூடவே வைஃபை உள்ள, ஸ்கேனரும் சேர்ந்த புது லேசர் பிரிண்டர் ஒன்றையும் வாங்கினேன். அதை இணைக்க எனக்குத் துணையாக இருந்தது, டெபியன்காரர்கள் சேர்ந்து எழுதும் உதவித் தளமான டெபியன் விக்கியில் டிரைவர் இல்லா அச்சைப் பற்றி எழுதியிருக்கும் பக்கம். இங்கே மதிப்பிடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆங்கிலத்தில் இருக்கிறது, நீளமாகவும் இருக்கிறது. பழைய பதிப்புகளுக்கான குறிப்புகளும் இடையிடையே கலந்து வருவதால், நமக்கு வேண்டியதை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்க வேண்டும். கடையை அடைத்த பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். ஆனால் பொறுக்கியது வீண்போகவில்லை. 'இதை நிறுவு, அதைச் சொடுக்கு' என்று விரட்டாமல், பிரிண்டருக்கும் கணினிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை விளக்குகிற எழுத்து அது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2010-இல், கைப்பேசியிலிருந்து நேரே அச்செடுக்க ஆப்பிளின் ஏர்பிரிண்ட் என்ற ஏற்பாடு வந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு பிரிண்டர் மாடலுக்கும் ஒரு டிரைவரை ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பிரிண்டரே தன்னால் என்ன முடியும் என்பதைச் சொல்லட்டும், சில பொதுவான கோப்பு வடிவங்களைப் புரிந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதே கருத்தில் 2013-இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற திறந்த தரம் வந்தது; ஐபிபி என்பது கணினியும் பிரிண்டரும் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் பொது மொழி. டெபியனில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் இந்த இரண்டு வகைப் பிரிண்டர்களோடும் பேசும். கைப்பேசிக்காரர்களுக்குப் போட்ட சாப்பாட்டில் நமக்கும் ஒரு இலை.

முதல் வேலையே பிரிண்டரை விசாரிப்பதுதான். வலையமைப்பில் உள்ள கருவிகளைக் கண்டுபிடிக்கும் அவாஹி என்ற மென்பொருளின் தேடல் கட்டளையை அடித்தால், வலையமைப்பில் இருக்கும் பிரிண்டர் தன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறது: மாடல் பெயர், இருபக்க அச்சு உண்டா, வண்ணம் உண்டா, எந்தெந்த வடிவங்கள் தெரியும். அந்த வரிகளில் 'யூஆர்எஃப்' (URF) என்ற மூன்றெழுத்து இருந்தால் அந்தப் பிரிண்டருக்கு ஏர்பிரிண்ட் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். என் திரையில் அது இருந்தது. நான் எதையும் நிறுவவில்லை. திரையில் அச்சிடும் சாளரத்தைத் திறந்தால் பிரிண்டரின் பெயர் தானாக வந்து நின்றது. ஸ்கேனரும் அப்படியே. ஆதார் அட்டையை வைத்தேன், வந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, அதை விக்கி தெளிய வைத்தது. அச்சு நன்றாக வருகிறது, ஆனால் நிறுவிய பிரிண்டர்களின் பட்டியலைக் கேட்டால் காலியாக இருக்கிறது! கப்ஸ் தேவைப்படும்போது பிரிண்டருக்குப் போகும் வேலைகள் நிற்க ஒரு தற்காலிக வரிசையை உண்டாக்கி, வேலை முடிந்த கொஞ்ச நேரத்தில் கலைத்துவிடுகிறது. திருவிழாக் கடை மாதிரி. பிரிண்டர் பட்டியலைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளையோடு சின்ன 'இ' (-e) சேர்த்துக் கேட்டால்தான் கைக்கெட்டும் பிரிண்டர்கள் எல்லாம் தெரியும். சில பழைய செயலிகளுக்கு இந்தத் தற்காலிக வரிசை கண்ணில் படுவதில்லை. அவற்றுக்காக எல்பிஅட்மின் கட்டளையில் 'எவ்ரிவேர்' என்ற மாடல் பெயரைக் கொடுத்து நிரந்தர வரிசை ஒன்றை உண்டாக்கிவிட்டேன்.

2024 செப்டம்பரில் வலையமைப்பில் பிரிண்டர்களைத் தேடித் தரும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணைச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வலையமைப்பிலிருந்து செய்தி வந்து சேரும் 631-ஆம் யூடிபி வாசலில் (போர்ட்) யார் வந்து 'நானும் பிரிண்டர்தான்' என்று சொன்னாலும் அது நம்பிவிடும். செய்தி படித்த அன்றே அதை நிறுத்தினேன். நிறுத்தினால் அச்சும் நின்றுவிடுமோ என்ற பயத்தைப் போக்கியதும் இதே விக்கிதான். புது கப்ஸ் தானே பிரிண்டரைத் தேடிக்கொள்ளும், அந்தத் துணைச் சேவை கட்டாயமில்லை. மறுநாள் காலை வழக்கம்போல மனுக்கள் அச்சாயின.

என்னைப் படுத்தியது ரவுட்டர். இணைய இணைப்போடு வந்த பெட்டி ஒன்று, வைஃபை எட்டவில்லை என்று நானே வாங்கி மாட்டிய பெட்டி இன்னொன்று. கணினிகள் முதல் பெட்டியில், பிரிண்டர் இரண்டாவதில். 192.168.0 என்று தொடங்கும் முகவரிகள் ஒரு தெரு, 192.168.1 என்று தொடங்குபவை இன்னொரு தெரு. பிரிண்டர் தன் பெயரைக் கூவுகிற எம்டிஎன்எஸ் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. ஒரு தெருவில் கூவுகிற கீரைக்காரியின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்குமா? வெளியே மழை, உள்ளே நாலு பேர் காத்திருக்க, நான் பிரிண்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டாவது பெட்டியில் செருகியிருந்த கேபிளை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையிலிருந்து எடுத்து உள் இணைப்புக்கான லேன் (LAN) துளையில் மாட்டி, அதன் முகவரி வழங்கும் வேலையையும் நிறுத்திய பிறகுதான் இரண்டும் ஒரே தெருவாயின. விக்கியில் இதற்கு ஒரு படம் வரைந்து முன்னாலேயே வைத்திருந்தால் எனக்கு ஒரு மாலை மிச்சமாகியிருக்கும். என்னைப் போன்ற கடைக்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார்கள்.

டெபியன் 11 முதல் ஐபிபி-யூஎஸ்பி என்ற சேவையும் இருக்கிறது. யூஎஸ்பி கேபிளில் மாட்டிய புது பிரிண்டரையும் இது நெட்வொர்க் பிரிண்டராகவே காட்டும், நம் கணினிக்குள்ளேயே 60000-ஆம் எண் வாசலில். அது பிரிண்டரைப் பிடித்துக்கொண்டால் தயாரிப்பாளரின் யூஎஸ்பி டிரைவருக்கு இடம் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: தமிழ் ஒழுங்காக வருமா? யூனிகோடில் இருந்தால் வரும், குறை சொல்ல முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை எழுத்துரு இல்லாமல் கொண்டுவந்தால் சோழி உருட்டியதுபோலத்தான் வரும். அதற்கு எந்த விக்கியும் பொறுப்பில்லை, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

மூன்று இரவுப் படிப்பை இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, நகல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடையில் உதவிக்கு இருக்கும் தம்பி அதைப் பார்த்தே இப்போது எல்லாம் செய்துவிடுகிறான். குறிப்பின் முதல் வரி: 'எதையும் நிறுவாதே, முதலில் பிரிண்டரைக் கேள்.' நகல் கேட்டால் தருகிறேன், பக்கத்துக்கு 2 ரூபாய்.

குறுந்தகட்டோடு வந்த அந்தப் பழைய பிரிண்டருக்கு ஐபிபி தெரியாது. விக்கியும் அதற்குப் பொய் நம்பிக்கை தரவில்லை. டெபியனிலேயே கிடைத்த பொது டிரைவர் ஒன்றை அதற்கு மட்டும் போட்டிருக்கிறேன். வக்கீல் குமாஸ்தாக்களின் லீகல் தாள் இன்றும் அதில்தான் ஓடுகிறது.